சாமி சொன்ன வேலைநிறுத்தம்

ஜோகூருக்கு நான் சண்டை போடத்தான் போனேன்.

கூப்பிட்டவர்கள் அதற்குக் கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள்: புறத்தேர்வாளர். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்தது. திருநெல்வேலியில் பல வருடமாக நாட்டார் வழக்காறு பாடம் எடுப்பவள் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினால், நான்காம் இயலில் என் ஆசிரியரைப் போட்டுக் கிழித்திருந்தாள் ஒரு பெண்.

என் ஆசிரியர் இப்போது உயிரோடு இல்லை. இடதுசாரி. வெகுகாலத்துக்கு முன் பாசிர் கூடாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கி, அங்கிருந்த முனீஸ்வரன் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். களைக்கொல்லி மருந்து அடிக்கிற பெண்கள் ஒருநாள் முதுகு டாங்கிகளை இறக்கி வைத்துவிட்டு, வேலைக்குப் போகாமல் முனீஸ்வரன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தோட்டமே அவர்களோடு சேர்ந்தது. நிர்வாகம் இறங்கிவந்து கையுறையும் முகமூடியும் கொடுத்தது. என் ஆசிரியர் அதை வேலைநிறுத்தம் என்று எழுதினார். அதைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

பிறகு உள்ளூர்ப் பேராசிரியர் சிவநேசன் ஒரு புத்தகம் எழுதினார். சைவச் சீர்திருத்தத்தில் ஊறியவர். அவர் கணக்கில் அது வேலைநிறுத்தம் அல்ல, விரதம். மக்கள் தூய்மையாக இருந்து இறைவனை வேண்டிக்கொண்ட நாட்கள்.

ஆய்வேட்டை எழுதிய செலின் அந்தோணி அதே மக்களைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "சாமி சொல்லிச்சு, வேலைக்குப் போகல." இடதுசாரி 'சாமி சொல்லிச்சு' என்பதை வெட்டிவிட்டார், சைவர் 'வேலைக்குப் போகல' என்பதை வெட்டிவிட்டார், ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவள் வாதம்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு துள்ளலும் வந்தது. ஓர் ஆய்வேடு என்னை நாற்காலியை விட்டு எழுந்து நடக்கவைத்து எவ்வளவு காலமாகிறது! விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் பென்சில் கோடு போடும் வேகத்தைப் பார்த்து முழங்கையை ஒதுக்கிக்கொண்டார்.

செனாய் விமான நிலையத்தில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக வண்டியோட்டி மலாய்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. 'மாக்கான்' என்றார். சாப்பாடு என்று அந்த ஒரு சொல் எப்படியோ விளங்கியது. சாலையோர ஒட்டுக்கடையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிரித்தால் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். நம் ஊர் பேருந்து நிலையத்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தின் வசதியான உறவுக்காரர் மாதிரி இருந்தது. இரண்டாவதும் கேட்டு வாங்கினேன். சண்டைக்குத் தெம்பு வேண்டுமே.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. என் ஆசிரியர் நின்ற இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பாசிர் கூடாங்குக்கு வாடகைக்கார் பிடித்தேன். கைப்பேசியில் 'முனீஸ்வரன் கோயில்' என்று தட்டினேன். ஓட்டிவந்த சீனப் பெண் ஒரு கோயில் வாசலில் இறக்கிவிட்டு, சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே ஒரு அம்மாளிடம் பழைய தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அலமாக்! எந்த முனீஸ்வரனை நீங்க கேக்கறீங்க? இங்க ரோட்டுக்கு ஒரு முனீஸ்வரன் இருக்காருலா!"

தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவர்தான் கையை நீட்டித் தொழிற்சாலைப் பேருந்து ஒன்றை நிறுத்தினார். இரவு வேலை முடிந்து திரும்பும் கூட்டம்: தமிழர், நேப்பாளிகள், வங்காளதேசத்தார், எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. ஓட்டுநர் தமிழர். "ஏறுங்க டீச்சர், பசியாறிட்டீங்களா?" என்றார். அங்கே காலை உணவு என்றால் பசியாறுவது. நாங்கள் 'டிபன்' என்று எங்கிருந்தோ பிடித்துவந்த சொல்லைவிட இது எவ்வளவு மேல் என்று யோசித்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டம் இல்லை. எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள், கன்டெய்னர் அடுக்குகள். நடுவில் வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தில் கோயில், புது வண்ணத்தில் பளபளத்தது. நடுவில் சிவலிங்கம். முனீஸ்வரன் ஓரத்துக்குப் போயிருந்தார். 'சுருட்டு, மது உள்ளே கொண்டுவரக் கூடாது' என்று பலகை.

பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கோயில் செயலாளர் செல்வராஜூ வந்துவிட்டார். ஐம்பது தாண்டியவர், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். வழியில் நான் வந்த காரியத்தைச் சொன்னதும் பேருந்து ஓட்டுநர் அவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"செலின் தீசிஸுக்கு மார்க் போட வந்தவங்கதானே மேடம்? வாங்க, ஒரு தே தாரேக் குடிக்கலாம்."

நுரை பொங்கும் தேநீரை வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அது நல்ல பொண்ணு. ஆனா முனீஸ்வரன், சாமியாட்டம்னு எழுதி வச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லி, ஆதியிலேருந்தே சிவன் கோயில்னு மாத்தச் சொல்லுங்க மேடம்."

"ஆய்வேட்டை நான் எழுதலையே. அவங்க கண்டதை அவங்க எழுதறாங்க."

"உங்களுக்கு அது ஆராய்ச்சி. எங்களுக்கு இடம். நாங்க இப்பதான் பதிவு பண்ண அலையறோம். தோட்டத்துல மரத்தடியில வச்ச சாமின்னு படிச்சவங்களே எழுதிட்டா, நாளைக்கு ரோடு போட வர்றவன் 'இது கோயிலே இல்ல'ன்னு தள்ளிட்டுப் போயிடுவான். சிவன் கோயில்னா கை வைக்க யோசிப்பான்லா."

படித்தவர்கள்தான் கொள்கைக்குத் தகுந்தபடி சாமியை வெட்டி ஒட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இவரும் வெட்டுகிறார். இவருக்கு வேலி ஓரத்தில் புல்டோசர் நிற்கிறது.

அன்று மாலை விடுதி அறையில் ஆய்வேட்டை மறுபடி புரட்டினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆய்வேட்டில் பேசுகிற எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. டாங்கியை முதலில் இறக்கிவைத்தவளுக்கு, பொங்கல் வைத்தவளுக்கு, உருமி அடித்தவருக்குக்கூட. சாமி வந்து 'மருந்து டாங்கியைத் தூக்காதீர்கள்' என்று சொன்னவளுக்கு மட்டும் பெயர் இல்லை. 'ஒரு பெண்' என்று இருந்தது. அந்த இரண்டு சொற்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

தேர்வு நாள். அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு வந்தது. அகத்தேர்வாளர் யார் என்றால் அதே சிவநேசன். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. ஆய்வேட்டில் அடிவாங்கிய ஒருவர், அடிவாங்கிய இன்னொருவரின் மாணவி, இந்த இரண்டு பேரும் நீதிபதிகள். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் செய்தார்களோ. தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஹாஷிம், மலாய்க்காரர், மெல்லிய குரல். "எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் உயர்ந்தால் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செலின் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். சேலைக்கு மாறியிருந்தாள், காலில் இரும்பு முனை வைத்த ஷூ அப்படியே இருந்தது.

நான்தான் ஆரம்பித்தேன். "என் ஆசிரியர் எழுதின காலத்துல, தோட்டத்துத் தொழிலாளின்னாலே மூடநம்பிக்கை பிடிச்ச கூலின்னுதான் எல்லாரும் எழுதிக்கிட்டிருந்தாங்க. இவங்களுக்கும் யோசிக்கத் தெரியும்னு காட்டத்தான் அவர் சாமியை வெளியே நிறுத்தினார். அதை நீங்க வெட்டுன்னு சொல்றீங்க."

"அவர் மேல எனக்கு மரியாதை இருக்கு மேடம். அவர் எழுதலன்னா இந்த விஷயமே எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா சாமியை வச்சுக்கிட்டே யோசிக்க முடியாதுன்னு அவரும்தானே நம்பிட்டாரு?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சிவநேசன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் முறை வந்ததும் சிரிப்புப் போய்விட்டது.

"நான் ஏன் விரதம்னு எழுதினேன், தெரியுமாம்மா? நான் தோட்டத்துப் பிள்ளை. ஸ்கூல்ல 'நீங்க ஆடு வெட்டி சாராயம் குடிக்கற ஜாதிதானே'ன்னு கேப்பாங்க. நம்ம பிள்ளைங்க தலை நிமிரணும்னு எழுதினேன். அது தப்பா?"

"தப்பில்ல சார். ஆனா அந்த வாரம் அவங்க ஆடும் வெட்டினாங்க."

"எனக்கும் தெரியும்" என்றார் சிவநேசன். சொன்ன பிறகுதான், எங்கள் எதிரில் அதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது அவருக்கு. ஹாஷிம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

செலின் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். "எங்க ஃபேக்டரியில ஒரு பைப் வெடிச்சா, மெயின்டனன்ஸ் ஒரு ரிப்போர்ட் எழுதும், புரொடக்ஷன் ஒரு ரிப்போர்ட் எழுதும். ரெண்டுலயும் பொய் இருக்காது. ஆனா அவங்கவங்க டிபார்ட்மெண்டுக்கு ஆகாதது மட்டும் இருக்காது. உங்க ரெண்டு பேர் எழுத்தையும் நான் அப்படித்தான் படிச்சேன். என்ன இருக்குன்னு பாக்கல, என்ன இல்லன்னு பாத்தேன்."

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். "அப்ப உங்க ஆய்வேட்டையும் அப்படியே படிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பென்சில் வட்டத்தை அவள் பக்கம் திருப்பினேன். "எல்லாருக்கும் பெயர் இருக்கு. சாமி வந்த பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்ல?"

செலின் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள்.

"அது எங்க அத்தை. அப்பாவோட அக்கா. ஆரோக்கியமேரி."

சிவநேசன் முன்னால் சாய்ந்தார். "கிறிஸ்தவங்களா?"

"நாங்க எல்லாருமே கத்தோலிக்கந்தான் சார். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சில பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்கறேன். எங்க அத்தை மேல முனீஸ்வரன் வந்துச்சுன்னு நான் எப்படி எழுதறது? அம்மாவால சர்ச்சில தலை காட்ட முடியாது. அதனாலதான்..." ஆய்வேட்டை என் பக்கம் தள்ளினாள். "உங்க ரெண்டு பேரையும் குத்தம் சொல்லிட்டு நானும் அதையே செஞ்சிருக்கேன்."

ஹாஷிம் என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "எங்கள் கிராமத்தில் ஒரு கெராமாட் இருக்கிறது. ஒரு பெரியவரின் சமாதி. என் அப்பா அங்கே நேர்ந்துகொள்வார். நான் மதத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. சிவநேசன் எழுந்து நின்றுவிட்டார். "மாதா கோயிலுக்குப் போற பொண்ணு, முனீஸ்வரன் வந்து, மருந்து டாங்கியைத் தூக்காதேன்னு சொல்லுது! இதுல என் விரதம் எங்க நிக்கும்? டீச்சர், உங்க வேலைநிறுத்தம் எங்க நிக்கும்?" தோற்றவர் குரல் மாதிரி இல்லை அது. புதையல் கண்டவர் குரல் மாதிரி இருந்தது. நானும் எழுந்துவிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பேச, செலின் பதில் சொல்ல, ஹாஷிம் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

முடிவு ஒருமனதாக: பட்டம் உண்டு. ஒரு திருத்தம், அத்தையிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயர் போட வேண்டும். மறுத்தால், பெயர் ஏன் இல்லை என்பதையாவது எழுத வேண்டும். ஹாஷிம் எங்களை ஜோகூர் லக்சா சாப்பிட அழைத்துப் போனார். மீன் குழம்பில் இத்தாலிய ஸ்பகெட்டி! கையால் சாப்பிட வேண்டுமாம். வழுக்கிக்கொண்டு ஓடும் அதைப் பிடித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் சேலைக்கும் ஒரு பங்கு போயிற்று. மீன் தொடாத சிவநேசன் தேநீரோடு வேடிக்கை பார்த்தார். செலின் பாதியில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றாள். பட்டம் வாங்கியவளின் முகமாக அது இல்லை. "நாளைக்கு பத்து பாகாட் போறேன் மேடம். அத்தை அங்கதான் இருக்காங்க. நீங்களும் வர்றீங்களா? தனியா போனா கேக்காமலே திரும்பிடுவேன்" என்றாள். தேர்வு முடிந்துவிட்டது, தடை ஒன்றும் இல்லை. சிவநேசன் யாரும் கூப்பிடாமலே, "காலையில என்னையும் ஏத்திக்கோம்மா" என்றார்.

செலினின் சின்னக் காரில் மூன்று பேர். சிவநேசன் பின் இருக்கையில் மரவள்ளிக் கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு. இரண்டு பக்கமும் முடிவே இல்லாத செம்பனைத் தோட்டம். சாமி வருவது என்றால் என்ன என்று ஆரம்பித்த பேச்சு, ஆய்வாளன் நம்பலாமா கூடாதா என்று வளர்ந்து, நானும் சிவநேசனும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கையில் செலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அலமாக், ஆயர் ஹீத்தாம்ல ஹைவேயை விட்டு இறங்கணும். விட்டுட்டேன்! ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

யோங் பெங் வரை போய்ச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த நேரம் முழுவதும் இரண்டு பேராசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டு வறுவல் தின்றோம்.

ஆரோக்கியமேரி வீட்டுக் கூடத்தில் தையல் இயந்திரம். பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், குட்டையானவர், சத்தமாகப் பேசுகிறவர். சுவரில் வேளாங்கண்ணி மாதா, பக்கத்தில் அந்தோணியார். வீடு முழுக்க மீன் வாசனை.

செலின் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொன்னாள். "அத்தை, நான் புக்குல அந்த முனீஸ்வரன் கதையை எழுதியிருக்கேன். உங்க பேரைப் போடல. போடலாமான்னு கேக்க வந்தோம்."

"ஏன் போடல?"

"சர்ச்சில ஏதாச்சும் சொல்வாங்கன்னு."

"என்னையா, உன்னையா?"

செலின் தலை குனிந்தாள். "என்னையத்தான்."

"அப்ப அது உன் பாடு. எனக்கென்ன, போட்டுக்கோ." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்த வருஷம் கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. வேலை வாங்கற மண்டோர்கிட்ட காட்டினேன், சிரிச்சான். மறுநாள் திருவிழா. தோட்டத்துல எல்லாரும் போவாங்க, நாங்களும் போவோம். உருமி சத்தம் கேட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. முழிச்சுப் பாத்தா அந்த மண்டோர் என் கால்ல விழுந்து கெடக்கறான்."

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"பயமா? உள்ளுக்குள்ள எனக்கு ஒரே சந்தோசம் டீச்சர்!" வீடு அதிரச் சிரித்தார். "ஃபாதர் கூப்பிட்டுக் கேட்டாரு, நீ என்ன சொன்னேன்னு. டாங்கியைத் தூக்காதீங்கன்னு சொன்னேனாம் ஃபாதர்னேன். இனிமே அந்தத் திருவிழாவுக்குப் போகாதேன்னாரு. டாங்கியைத் தூக்குன்னு அவரும் சொல்லல."

செலின் மெதுவாகக் கேட்டாள். "அத்தை, பேசினது சாமியா, நீங்களா?"

"அது தெரிஞ்சா நான் சொல்ல மாட்டேனா? எந்திரி, தட்டு எடுத்து வை."

அசாம் பெடாஸ். புளியும் மிளகாயும் போட்டுக் கொதித்த மீன் குழம்பு, நம் நெல்லைப் புளிக்குழம்புக்குக் கடல் தாண்டிய தங்கச்சி. சிவநேசன் சைவம் என்றதும் அவருக்கு முட்டைக்கோஸும் ரசமும் வந்தன. என் பக்கம் கரண்டியை நீட்டிய ஆரோக்கியமேரி நிறுத்தினார்.

"டீச்சர், நீங்க எந்தச் சாமி கும்புடுவீங்க?"

"நான் கும்புடறதில்லைங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். "பரவால்ல. மீன் சாப்பிடுவீங்கல்ல?" நடுத்துண்டைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் செலின் மடிக்கணினியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயம் முகத்தில் அப்படியே இருந்தது. விரல்கள் மட்டும் தயாராக இருந்தன. நானும் சிவநேசனும் இரண்டு தோளுக்கும் மேலே எட்டிப் பார்த்தோம். அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஆரோக்கியம்னு எழுதிட்டு எடம் விட்டு மேரின்னு எழுதாத. ஐசி அட்டையில பேரைப் பிரிச்சுப் போட்டு நான் பட்ட பாடு போதும். சேத்து எழுது."

செலின் சேர்த்தே எழுதினாள்.